ஒரு குருவிக் கடன்

ஒரு விளையாட்டைப் பற்றி நான் கட்டுரை எழுதுவேன் என்று என் மாணவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். நானும் எதிர்பார்க்கவில்லை. முப்பது ஆண்டுகளாக மதரஸாவில் அரபி இலக்கணமும் ஹதீஸும் ஓதிக்கொடுத்து வருபவன் நான். பொழுதை வீணாக்குவதெல்லாம் லஹ்வு என்று பிள்ளைகளை எத்தனை முறை கடிந்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. அப்படிப்பட்டவன், 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரு சனிக்கிழமையையும் ஞாயிற்றுக்கிழமையையும் கலிபோர்னியாவின் பொட்டல்வெளி ஒன்றில் நின்று, பொம்மை விமானங்களை அண்ணாந்து பார்த்தபடியே கழித்தேன். அவ்விரு நாட்களில் கற்ற பாடம் ஒன்று உண்டு. நெடுநாளாக அடைக்காதிருந்த கடன் ஒன்றும் நினைவுக்கு வந்தது. இரண்டையும் எழுதிவைப்பது என் மீது கடமை என எண்ணுகிறேன்.

என் மகன் அந்நாட்டில் பொறியாளனாகப் பணிபுரிகிறான். நானும் அவன் தாயாரும் அவனைக் காணச் சென்றிருந்தோம். "அத்தா, இந்த வாரம் லாஸ்ட் ஹில்ஸில் போட்டி இருக்கிறது. நீங்களும் வாருங்களேன்" என்றான். மறுக்க வாயெடுத்தேன். அவன் தாயார் என்னைப் பார்த்த பார்வையில், மறுப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

கலிபோர்னியாவின் நடுப்பகுதியில் சான் வாக்கீன் பள்ளத்தாக்கு என்று ஒரு நெடிய சமவெளி உண்டு. அதன் தென்பகுதியில், கெர்ன் மாவட்டத்தில் உள்ள சிற்றூரே லாஸ்ட் ஹில்ஸ். 1910ஆம் ஆண்டிலிருந்து எண்ணெய்க் கிணறுகள் உள்ள பூமி. சாலையின் இருமருங்கும் பாதாம், பிஸ்தாத் தோப்புகள். நாங்கள் சென்றபோது பாதாம் மரங்கள் இலையே தெரியாமல் வெண்பூக்களால் மூடியிருந்தன. தோப்புகளைக் கடந்தால் புதர்கள் மட்டும் சிதறிக்கிடக்கும் வறண்ட வெளி. அங்கேதான் இந்த விமானங்கள் பறக்கின்றன. 2019ஆம் ஆண்டு அக்டோபரில் உலகச் சாம்பியன் போட்டியே இங்கு நடந்தது என்று மகன் சொன்னான்.

இவ்விளையாட்டை 'ஃப்ரீ ஃப்ளைட்' என்கிறார்கள். கட்டற்ற பறப்பு எனலாம். கீழே நின்றுகொண்டு வானொலிக் கருவியால் திருப்பி வளைத்து ஓட்டும் விமானங்கள் அல்ல இவை. கையிலிருந்து விட்டபின் விமானத்தை நடத்திச் செல்ல யாருக்கும் அனுமதியில்லை. விடுவதற்கு முன் என்ன செய்தோமோ அதுதான். இறக்கையின் வளைவு, வாலின் சாய்வு, எடையின் சமநிலை யாவற்றையும் மாதக்கணக்கில் சரிசெய்ய வேண்டும். பிறகு காற்றிடம் ஒப்படைத்துவிட்டுக் கைகட்டி நிற்க வேண்டும். தவக்குல் என்னும் சொல்லுக்கு நான் எத்தனையோ நூல்களைப் புரட்டி விளக்கம் சொல்லியிருக்கிறேன். அவ்விளக்கங்களில் ஒன்றை அந்தப் புதர்க்காட்டில் கண்ணாரக் கண்டேன்.

என் மகன் கலந்துகொள்ளும் பிரிவில் விமானத்துக்கு இயந்திரம் கிடையாது. 30 கிராம் ரப்பர்தான் அதன் முழுச் சக்தி. இழைகளாக மடித்த அந்த ரப்பரை நீளமாக இழுத்து, ஒரு கைக்கருவியால் சில நூறு சுற்றுகள் முறுக்குகிறார்கள். ரப்பர் நீங்கிய விமானத்தின் எடை 200 கிராமுக்குக் குறையக்கூடாது. வேக்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயச் செல்வர் 1928இல் வழங்கிய கோப்பையை ஒட்டி, இவ்வகை விமானத்துக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. முறுக்கு அவிழும்வரை, அதாவது அரை நிமிடத்துக்குச் சற்று மேலாக, விமானம் விசிறி சுழல மேலேறுகிறது. பின்னர் விசிறி மடிந்து விமானத்தின் மேனியோடு ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் சிறகை விரித்து மிதக்க வேண்டியதுதான். மூன்று நிமிடம் மிதந்தால் அச்சுற்றுக்கு முழு மதிப்பெண். ஏழு சுற்றுகள். ஏழிலும் முழு மதிப்பெண் பெற்றவர்கள் மட்டும் மறுநாள் இறுதிச் சுற்றில் பறக்கவிடலாம்.

"மூன்று நிமிடத்துக்கு மேலும் பறந்துகொண்டே போனால்?" என்று கேட்டேன்.

மகன் சிரித்தான். "அதுதான் ஆபத்து, அத்தா. வெயில் ஏற ஏறத் தரையிலிருந்து வெப்பக்காற்று குமிழி குமிழியாக மேலெழும். அதில் அகப்பட்ட விமானம் இறங்கவே இறங்காது, கண்ணுக்கு மறைந்துவிடும். ஆகையால் குறித்த நேரத்தில் வாலின் பின்விளிம்பு தானாக மேலெழும்படி பொறி வைத்திருக்கிறோம். வால் தூக்கியதும் விமானம் பறப்பதை நிறுத்தி, குடை இறங்குவதுபோல் மெல்ல இறங்கிவிடும். முன்காலத்தில் இதற்கு ஒரு திரியைக் கொளுத்தி வைப்பார்களாம்; அது புகைந்து முடியும்போது நூல் அறுந்து வால் எழும்."

வால் என்று அவன் சொன்னதும் என் மனம் நூல்களுக்குள் ஓடிற்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், இறகுகளை அணிந்து உயரத்திலிருந்து பறந்தார் என்ற செய்தியை 'நஃப்ஹுத் தீப்' என்னும் நூலில் அல்மக்கரீ எழுதுகிறார். பறந்தவர் இறங்குகையில் முதுகில் அடிபட்டார். பறவை இறங்குவதற்கு வால் துணைசெய்கிறது என்பதை அவர் கவனிக்கவில்லை. தமக்கு வால் அமைக்க மறந்துவிட்டார் என்பது அல்மக்கரீ தரும் காரணம். அரபி அகராதிக் கலையின் தூண்களுள் ஒன்றான 'ஸிஹாஹ்' நூலை இயற்றிய அல்ஜவ்ஹரீயும் நைஸாபூர்ப் பள்ளிவாசலின் கூரையிலிருந்து மரச் சிறகுகளோடு குதித்து உயிர்நீத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். அவருடைய அகராதியை நாள்தோறும் புரட்டுபவன் நான். அவருடைய ஆசையைப் பற்றி ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

இதை மகனிடம் சொன்னேன். அவன் வியந்து கேட்டான். பிறகு தன் பங்குக்கு ஒரு செய்தி சொன்னான். 1871ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பாரிஸ் நகரின் துயிலெரிப் பூங்காவில், அல்போன்ஸ் பெனோ என்னும் இளைஞர் ரப்பர் முறுக்கில் ஓடும் சிறு விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். அது 11 விநாடி நிலைகுலையாமல் பறந்தது. நிலைகுலையாமைக்குக் காரணம் அவர் சரியான சாய்வில் பொருத்திய வால்! குர்துபாவில் மறந்துபோன ஒன்று, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு பாரிஸில் நினைவுக்கு வந்தது என்று எண்ணிக்கொண்டேன். நானும் என் மகனும் இப்படி எதிரெதிரே அமர்ந்து பாடம் பரிமாறிக்கொண்டது அதுவே முதல் தடவை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை காலையில் பனிமூட்டம். அது விலகிய பின்னரே சுற்றுகள் தொடங்கின. காற்றைப் படிப்பதே இங்கு பெரிய கல்வி. நெடிய கம்பத்தின் நுனியில் மெல்லிய நாடா ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. சோப்புக் குமிழிகளை ஒரு சிறு கருவி ஊதிக்கொண்டிருக்கிறது. குமிழிகள் தரையோடு செல்கின்றனவா, மேலெழுகின்றனவா என்று நரைத்த தலையர்கள் குழந்தைகளைப் போல் உற்றுப் பார்க்கிறார்கள். எங்கேனும் ஒரு பருந்து வட்டமிட்டால் எல்லாக் கண்களும் அங்கே போகின்றன. என் மகன் முதல் நான்கு சுற்றுகளிலும் முழு மதிப்பெண் பெற்றான். ஐந்தாவதில், ஏறும் காற்று என்று நம்பி விட்டது இறங்கும் காற்றாக இருந்தது. 142 விநாடியில் தரை தட்டிற்று. இறுதிச் சுற்று போயிற்று. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, விமானத்தை எடுத்துவரப் புதர்களுக்கிடையே நடந்தான்.

நான் சொல்லவந்தது அதற்குப் பின் நிகழ்ந்தது. அன்று அந்தக் களத்தில் நேரம் பார்க்கத் தனி ஊழியர்கள் இல்லை. போட்டியாளர்களே ஒருவருக்கொருவர் கடிகாரம் பிடித்தார்கள். என் மகனுக்கு இக்கலையைக் கற்றுக்கொடுத்தவர் எழுபதைக் கடந்த ஓர் அமெரிக்கர். அவருடைய கடைசிச் சுற்றுக்கு என் மகன்தான் கடிகாரம் பிடித்தான். முந்தைய ஆறிலும் அவர் முழு மதிப்பெண் பெற்றிருந்தார். விமானம் நெடுந்தொலைவு மிதந்து சென்று, தாழ்ந்து தாழ்ந்து இறங்கிற்று. தொலைநோக்கி வழியாக நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தரையைத் தொட்டதும் மகன் கடிகாரத்தை நிறுத்தினான். சற்று நேரம் அதையே பார்த்தான். "178" என்றான். வேண்டியது 180.

இரண்டே இரண்டு விநாடி! அவ்வளவு தொலைவில் தொட்டதை வேறு யார் துல்லியமாகக் கண்டார்கள்? கூட்டிச் சொல்லியிருந்தால் கேட்பவர் எவருமில்லை. முதியவர் தலையசைத்தார்; அட்டையில் 178 என்று தம் கையாலேயே எழுதினார்; என் மகனின் தோளில் கைவைத்து அழுத்திவிட்டு நடந்தார். உங்களுக்கே பாதகமாயினும், பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமாயினும் நீதிக்குச் சாட்சி பகர வேண்டும் என்னும் கட்டளையை நான் எத்தனை மேடைகளில் விளக்கியிருக்கிறேன்! தன் ஆசானுக்கு எதிராக என் மகன் சாட்சி சொன்னதையும், அந்த ஆசான் அதை ஏற்றதையும் கண்ட பிறகு, எனக்கு எதிராக நான் சொல்ல வேண்டிய சாட்சி ஒன்று நெஞ்சில் உறுத்தத் தொடங்கிற்று.

அன்றிரவு தங்கும் விடுதியில், வழக்கம்போல் உறங்குமுன் அல்முல்க் அத்தியாயத்தை ஓதினேன். தலைக்கு மேலே சிறகை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளைப் பார்க்கவில்லையா என்று இறைவன் கேட்கும் இடம் வந்தது. அதற்கு மேல் ஓத நா எழவில்லை.

2006ஆம் ஆண்டு. மகனுக்கு அப்போது பதினோரு வயது. மூங்கில் சிம்புகளைச் சீவி, பட்டத் தாள் ஒட்டி, பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து முறுக்கி ஒரு விமானம் செய்திருந்தான். நான் மதரஸா முற்றத்தில் மாணவர்களுக்கு நஹ்வுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அது சுவரைத் தாண்டி வந்து, விரித்து வைத்திருந்த கிதாபின் மேல் விழுந்தது. மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் எழுந்து அவனை அழைத்தேன். அத்தனை பேர் முன்னிலையிலும் அதைக் காலில் போட்டு மிதித்து நொறுக்கினேன். அவன் அழவில்லை. ஒன்றும் பேசவுமில்லை. சிம்புகளைப் பொறுக்கிக்கொண்டு போனான். அவனை ஆலிமாக்க வேண்டும் என்பது என் கனவு. அதன் பிறகும் சில ஆண்டுகள் என்னிடம் ஓதினான். ஓதினானே தவிர, என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டான். கேள்வி கேட்காத மாணவன் தன்னைவிட்டுப் போய்விட்டவன் என்பதை அறியாத ஆசிரியனா நான்?

இதைவிடக் கொடுமை ஒன்றுண்டு. ஆண்டுதோறும் 'ஷமாயில்' பாடத்தில், சிறுவர் அபூ உமைரின் ஹதீஸை நான் ஓதிக்கொடுப்பேன். அனஸ் (ரலி) அவர்களின் தம்பியான அக்குழந்தை ஒரு சிறு குருவி வளர்த்தது. குருவி இறந்துபோயிற்று. வாடியிருந்த குழந்தையிடம், அதன் குருவியைப் பற்றிக் கனிவோடு விசாரித்தார்கள், உலகுக்கெல்லாம் தூதராக வந்த நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். இந்த ஒரு ஹதீஸிலிருந்து ஏறத்தாழ அறுபது பயன்களைத் திரட்டி இமாம் இப்னுல் காஸ் தனி நூலே எழுதியிருக்கிறார். அவற்றுள் பலவற்றை மாணவர்களுக்கு வரிசையாகச் சொல்வேன். என் வீட்டுக் குழந்தையின் குருவி என்னவாயிற்று என்று மட்டும் பதினெட்டு ஆண்டுகளாக நான் கேட்டதில்லை. அதைக் கொன்றவனே நானல்லவா!

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் களத்துக்குத் திரும்பினோம். காற்று எழாத வேளையில், வெப்பக் குமிழிகள் பிறப்பதற்கு முன்பே இறுதிச் சுற்று. அப்போது அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. விமானத்தின் தகுதி ஒன்றே பேசும். ஈரமான தரையில் விரிப்பை விரித்து நானும் மகனும் ஸுப்ஹு தொழுதோம். மேற்கு நோக்கியே தொழுது பழகிய எனக்கு, அங்கே வடக்கிலிருந்து சற்றே கிழக்காக நிற்பது முதலில் விந்தையாக இருந்தது. "நீ முன்னே நில்" என்றேன். மகன் தயங்கினான். பிறகு இமாமாக நின்றான். அவனுடைய கிராஅத்தில் ஒரு மத்து கூடத் தவறவில்லை.

ஸலாம் கொடுத்தபின் அங்கேயே அமர்ந்து கேட்டேன். "அன்று நான் மிதித்தேனே, அந்த விமானம்... உனக்கு நினைவிருக்கிறதா?"

அவன் நெடுநேரம் தரையைப் பார்த்தான். "இருக்கிறது, அத்தா."

"நான் செய்தது தவறு. பிள்ளைகள் முன்னால் செய்தது அதைவிடத் தவறு. என்னை மன்னித்துவிடு."

அவன் என் கையைப் பற்றிக்கொண்டான். சற்றுப் பொறுத்து, "அதற்கு வால் சிறியதாகிவிட்டது, அத்தா. அதனால்தான் வகையில்லாமல் உங்கள் கிதாபின் மேல் விழுந்தது" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. குற்றத்தை என் மீதிருந்து எடுத்துத் தன் விமானத்தின் வால் மீது போட்டுவிட்டான். ஆனாலும் மன்னிப்புக் கிடைத்ததனால் நான் செய்தது செய்யாததாகிவிடாது என்பதை அறிவேன்.

இறுதிச் சுற்று முடிந்து, வென்றவரைத் தோற்றவர்கள் தழுவி வாழ்த்திய பின், மகன் தன் பெட்டியிலிருந்து சிறிய விமானம் ஒன்றை எடுத்தான். புதிதாகக் கற்பவர்களுக்கான வகை அது. நீளமும் அகலமும் 30 அங்குலத்தைத் தாண்டாது. ரப்பரை முறுக்கி என் கையில் கொடுத்தான். "தள்ளாதீர்கள், அத்தா. சும்மா விடுங்கள். அதுவே போகும்."

பிஸ்மில்லாஹ் சொல்லி விட்டேன். விரல்களைவிட்டு அது விலகிய கணத்தில், கை இத்தனை இலேசாக இருக்குமா என்று தோன்றிற்று. வெயில் மெல்ல ஏறிக்கொண்டிருந்த வானில் அது வட்டமிட்டு வட்டமிட்டு உயர்ந்தது. நான் பிள்ளைகளைப் பிடித்த பிடி நினைவுக்கு வந்தது. செய்ய வேண்டியதை முன்னரே செய்யாமல், விட வேண்டிய நேரத்தில் இறுகப் பிடித்திருந்தவன் நான். குறித்த நேரம் வந்ததும் வால் எழுந்தது. விமானம் மெல்ல இறங்கிப் புதர் ஓரமாக அமர்ந்தது. அதை எடுத்துவர நானே நடந்தேன்.

ஊர் திரும்பிய பின், அபூ உமைரின் ஹதீஸ் பாடம் வந்தபோது மாணவர்களிடம் இந்தக் கதையை மறைக்காமல் சொன்னேன். வகுப்பு அமைதியாயிற்று. கடைசி வரிசையில் ஒரு சிறுவன் எழுந்து, "அந்த விமானத்தை எப்படிச் செய்வது, உஸ்தாத்?" என்று கேட்டான்.

வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறேன். மூங்கில் சிம்பு சீவி வைத்திருக்கிறேன். வாலை மட்டும் சற்றுப் பெரிதாக வைக்க வேண்டும்.