தாய்ப் பத்திரம்

வீடு! இரண்டே எழுத்து. அறம், பொருள், இன்பம் என அடுக்கி, நான்காவதாக வீடு என்றனர் முன்னோர். அந்த வீடு விண்ணிலே இருப்பதாகச் சொன்னார்கள். சென்று பார்த்துத் திரும்பி வந்து சேதி சொன்னவர் எவருமில்லை. நான் எழுத வந்தது அதைப் பற்றியல்ல. மண்ணிலே நிற்கும் வீடு. மழைக்கு ஒதுங்க, மூட்டு வலிக்கும் முதியவள் காலை நீட்ட, உழைத்துக் களைத்தவர் உறங்க உதவும் வீடு! அத்தகைய வீடொன்றை 2025ஆம் ஆண்டில் எங்கள் குடும்பம் வாங்கிற்று. அப்போது நான் கற்ற பாடத்தை, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் நான், சற்று வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

நாங்கள் ஐவர். 78 வயது ஆயா, ஆலையொன்றிலே கணக்கெழுதி ஓய்வு பெற்ற அப்பா, அம்மா, செவிலியராகப் பணிபுரியும் தங்கை, ஆசிரியனாகிய நான். விழுப்புரத்தில் 11 ஆண்டுகளில் நான்கு வாடகை வீடுகள் மாறினோம். ஐந்தாவது வீடு தேடிப் போனபோது, வாடகையைச் சொல்லுமுன் வீட்டுக்காரர் கேட்டார்: "நீங்க என்ன ஆளுங்க?" "மனித ஆளுங்க" என்றேன். கதவு சாத்தப்பட்டது. பூட்டியது பித்தளைப் பூட்டல்ல, பிறவிப் பூட்டு! அன்றிரவு அப்பா சொன்னார்: "போதும் தம்பி. கடனோ உடனோ, சொந்தமாக ஒரு கூரை வேண்டும். ஆயா முதல் நாளைக்கு வரப்போகும் பேரப்பிள்ளை வரை அதன் கீழே இருக்க வேண்டும்."

தேடினோம். நகரின் ஓரத்தில் தெற்குப் பார்த்த வீடு ஒன்று கிடைத்தது. விலை 32 இலட்சம். அதே தெருவில் வடக்குப் பார்த்த வீட்டுக்கு இரண்டு இலட்சம் கூடுதல். அளவும் ஒன்று, கட்டுமானமும் ஒன்று. பார்க்கும் திசை மட்டுமே வேறு! அப்பா தயங்கினார். நான் விடவில்லை. "தென்றல் வரும் திசையைத் தீய திசை என்கிறார்களே, தெற்கென்ன குற்றம் செய்தது? ஊரார் மடமையால் நமக்கு இரண்டு இலட்சம் மிச்சம்" என்றேன். அப்பா சிரித்தார்; இசைந்தார்.

வாஸ்து பார்ப்பவர், குளியலறை எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்பார். அதன் தரை வழுக்குமா என்று கேட்பாரா? நாங்கள் கேட்டோம். வாசற்படி அரையடி உயரம், அதைச் சாய்தளமாக்கினோம். இரண்டடி அகலக் கதவை மூன்றடியாக்கினோம், நாளை ஆயாவுக்குச் சக்கர நாற்காலி தேவைப்பட்டால் நுழையுமே என்று. சுவரிலே கைப்பிடி பொருத்தினோம். கீழ்த்தளத்தில், காற்று வரும் அறை ஆயாவுக்கு. அடுப்படிக்குச் சன்னல் ஒன்று கூடுதலாக வைத்தோம். பத்திரப் பதிவுக்கும் செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 மணியைக் கேட்டு வாங்கினேன். இராகு காலமாம்! முகூர்த்த நாட்களிலே கூட்டம் தாங்காமல் கூடுதல் டோக்கன் வழங்கும் பதிவு அலுவலகத்தில், அந்த வேளையில் நெரிசலில்லை. வென்றுவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்த்தினேன்.

நிமிர்ந்த நெஞ்சைத் தாழ்த்தியவர் ஆயா.

வீட்டின் பழைய பத்திரங்களை ஒரு மாலை வேளையில் படித்துக்கொண்டிருந்தேன். எழுத்தறியாத ஆயா, "என்ன கண்ணு அது?" என்றார். "தாய்ப் பத்திரம், ஆயா. இந்த மனை யார் யார் கை மாறி வந்தது என்பதைச் சொல்லும் மூல ஆவணம்." "படி, கேக்கிறேன்" என்றார். படித்தேன். 1962இல் ஒருவர் வாங்கினார். அவர் குமாரர், அவருடைய குமாரர், அவர் விற்றது இன்னாருடைய குமாரருக்கு... ஆயா குறுக்கிட்டார்:

"தாய்ப் பத்திரம்னு சொல்றியே, அதுல தாய் யாரு?"

தேடினேன். புரட்டிப் புரட்டித் தேடினேன். ஒரேயோர் இடத்தில் பெண்கள் இருந்தனர். 1987ஆம் ஆண்டு. தந்தை மறைந்தபின் மகள்கள் இருவர், சீர் செய்யப்பட்டுவிட்டதால் இச்சொத்தில் தங்களுக்கு எப்பாத்தியமும் இல்லை என்று இடது பெருவிரல் ரேகை வைத்திருந்தார்கள். அந்த ஆவணத்தின் பெயர் என்ன தெரியுமா, தோழர்களே? விடுதலைப் பத்திரம்! அடிமைத்தளையிலிருந்து விடுதலையா? அல்ல, அல்ல, உரிமையிலிருந்து விடுதலை!

எரிச்சலோடு மூடினேன். மூடியபின் கண்ணிற்பட்டது, எங்கள் கிரயப் பத்திரத்தின் வரைவு. வாங்குபவர் என்ற இடத்திலே ஒரே பெயர். என் பெயர்!

எவரும் சதி செய்யவில்லை. எழுத்தர் கேட்டார், "பையன் பேர்லதானே?" அப்பா தலையசைத்தார். நானும் தலையசைத்தேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். விலை 32 இலட்சம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடுமாக இன்னும் 2,88,000. இதைத் திரட்டியது எப்படி? அப்பாவின் ஓய்வுப் பணம் 8 இலட்சம். அம்மாவின் நகை விற்ற 6 இலட்சம். இரவுப் பணி பார்த்துத் தங்கை சேர்த்த 4 இலட்சம். நான் தந்தது? வங்கிக் கடனுக்கு ஒரு கையெழுத்து! திசைக்குத் தீட்டில்லை என்று வாதிட்டவன், நேரத்துக்கு நஞ்சில்லை என்று நிறுவியவன், தன் பெயர் தனித்து நின்றபோது மட்டும் காரணம் கேட்கவில்லை. தனக்கு ஊறு செய்யும் மூடநம்பிக்கையை எதிர்ப்பது எளிது. தனக்கு ஊதியம் தரும் வழக்கத்தை எதிர்ப்பதல்லவா பகுத்தறிவு?

1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு, ஆணுக்குள்ள சொத்துரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்று தீர்மானித்தது. 60 ஆண்டுகள் கழித்து, 1989இல் தமிழகம் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தரும் சட்டம் செய்தது. 2005இல் இந்தியா முழுமைக்கும் வந்தது. 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற தடையும் தேவையில்லை என 2020இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்கள் பெயரில் பதிவாகும் 10 இலட்சம் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காட்டுச் சலுகையைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் தொடங்கியது. எங்கள் வீட்டு விலைக்கு அது பொருந்தாது. ஆனால் சட்டமும் சலுகையும் வாசல்வரைதான் வரும். வீட்டுக்குள்ளே அழைத்து வர வேண்டியவர் நாம்.

மறுநாள் பேசினேன். அப்பா கேட்டார்: "நாளைக்கு மணமாகிப் போகிற பெண்ணுக்குப் பங்கு எதற்கப்பா?" தங்கை அமைதியாகச் சொன்னாள்: "என் பணம் மட்டும் போகாமல் இங்கேயே இருக்கிறதே, அப்பா." அம்மாவோ, "எனக்கெதற்கடா பெயரெல்லாம்?" என்றார். அந்த ஒரு சொல் என்னைச் சுட்டது. முப்பதாண்டு உழைத்தவரை, தனக்கென ஒன்றும் வேண்டாதிருப்பதே பெருமை என்று நம்ப வைத்திருக்கிறோம். நகையைக் கொடுத்தவர் பெயரைக் கேட்கக் கூசினார்! பெற்றோரைப் பேண வைக்கவே 2007இல் சட்டம் இயற்ற வேண்டியிருந்த நாடு இது. மகனை நம்புங்கள் என்று சொல்வதினும் மனையில் பங்கு தருவது மேலன்றோ? அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், தாமே வரைவை எடுத்து, அம்மாவின் பெயரை முதலில் எழுதினார்.

நால்வர் பெயரில் பதிவாயிற்று, ஆளுக்குக் கால் பங்கு. தங்கையும் கடனில் கையொப்பமிட்டாள். ஆயா தம் வாழ்நாள் முழுதும் அங்கே குடியிருக்கும் உரிமையையும் எழுதி வைத்தோம். அந்தச் செவ்வாய்க்கிழமை, இராகு காலத்திலே, அம்மா கையெழுத்திட்டபோது விரல் நடுங்கிற்று. அச்சத்தால் அல்ல, பழக்கமின்மையால்.

தோழனே, உன் வீட்டுப் பெட்டியிலும் ஒரு பத்திரம் உறங்கும். இன்றிரவு எடுத்து, வீட்டிலுள்ள மூதாட்டியின் முன் உரக்கப் படித்துப் பார். அவர் கேட்கப்போகும் கேள்விக்கு விடை வைத்திருக்கிறாயா?

எங்கள் வீடும் ஒருநாள் கை மாறலாம். அன்று யாரோ ஓர் இளைஞன் எங்கள் கிரயத்தைத் தாய்ப் பத்திரம் என்று விரித்துப் படிப்பான். அதிலே ஒரு தாய் இருப்பாள்.