தெளிந்த நீரும் தேங்கிய பணியும்

நீர் தெளிந்திருக்கிறது என்பதனாலேயே அஃது உயிர்கள் வாழ்வதற்கு ஏற்ற நீர் என்று கொள்ளுதல் இயலாது. கண்ணுக்குப் புலப்படும் அழுக்கை அஞ்சுகின்ற மாந்தர், கண்ணுக்குப் புலப்படாத நஞ்சை ஐயுறுவதும் இல்லை. சிறியதொரு மீன்தொட்டியைப் புதிதாக அமைத்துப் பார்ப்போர் இவ்வுண்மையைச் சில நாள்களிலேயே உணர்ந்துகொள்வர்.

மீன்களின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீன்களுக்குக் கொடிய நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சே. வேறொரு வகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டைத் தீமை குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் சூரிச் நகரில் 1890 ஆம் ஆண்டளவில் செய்த ஆய்வுகளால், இது இரு படிகளாக நடைபெறும் உயிர்ப்பணி என்று உலகம் அறிந்தது. இரண்டு படிகளையும் தனியொன்றாகவே செய்து முடிக்கும் நுண்ணுயிரும் உண்டு என்பது 2015 ஆம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது.

புதிய தொட்டியில் இப்பணியாளர்கள் இல்லை. அவர்கள் பெருகுவதற்கு முன்னரே மீன்களை விட்டால், அம்மீன்கள் தம் கழிவாலேயே மாண்டுபோகும். எங்கள் எதிர்வீட்டில் வாழும் மேல்நிலைப்பள்ளி மாணவர் ஒருவர் வாங்கிய எட்டுக் கப்பி மீன்கள் பத்தே நாள்களில் இவ்வாறு மடிந்தன. அவருடைய சிறிய தங்கை இரண்டு நாள்கள் சரியாக உண்ணவில்லை. “ஐயா, மீனைச் சாகவிடாமல் தொட்டியைப் பக்குவப்படுத்த வழி இல்லையா?” என்று அம்மாணவர் நம்மிடம் வினவினார். தமிழாசிரியரிடம் வினவத்தக்க வினா அன்றுதான். ஆயினும் வினாவில் இருந்த பரிவு நம்மைத் தொட்டது.

வழி உண்டு. மீன்களை விடாமல் அம்மோனியாவை மட்டும் நாமே ஊட்டி நுண்ணுயிர்களை வளர்த்தெடுப்பதே அவ்வழி. பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் கையாளும் நவச்சாரமே இதற்குரிய உப்பு. கடைத்தெரு நவச்சாரத்தில் பிற பொருள்கள் கலந்திருக்கலாமாதலின், ஆய்வுக்கூடத்துக்குரிய தூய உப்பே ஏற்றது. 50 லிட்டர் நீருக்கு மூன்றில் ஒரு பங்கு கிராம் இட்டால், லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்னும் அளவில் அம்மோனியா கிடைக்கும்.

கடந்த கார்த்திகை முதல் நாளில் இரண்டு தொட்டிகள் தொடங்கப்பெற்றன. ஒன்று சிதம்பரத்தில் நம் இல்லத் திண்ணையில்; அதன் நாள் பணிகள் யாவும் அம்மாணவர் பொறுப்பு. மற்றொன்று கடலூர் முதுநகரில், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியரான நம் நண்பர் இல்லத்தில். இரண்டும் இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் உடையவை. உப்பும் வடிகட்டியும் ஒன்றே. நீர் மட்டுமே வேறு. நண்பர் ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்பினார். குழாய்நீரில் குளோரின் இருக்கும் என்பதனால், மொட்டை மாடியிலிருந்து பிடித்து வைத்த ஐப்பசி மழைநீரை மாணவர் நிரப்பினார்.

கடலூர்த் தொட்டி முப்பத்தோராம் நாளில் பக்குவம் அடைந்தது. சிதம்பரத் தொட்டியோ முதலில் நன்றாகவே நடந்தது. அம்மோனியா இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தது, நைட்ரைட்டும் தோன்றியது. பதினேழாம் நாளுக்குப் பின் யாவும் நின்றுவிட்டன. சோதனைக் குழாயில் நாள்தோறும் அதே நிறம். நீரோ பளிங்கு போல் தெளிந்திருந்தது. “மலிவான மீன் இரண்டை விட்டுப் பாருங்கள், தானாகச் சரியாகிவிடும்” என்று அறிவுரை கூறியவர்களும் உண்டு. தங்கையின் கண்கள் நாள்தோறும் அதனையே கேட்டன. ஆயினும், முன்னர் நேர்ந்த இழப்பை மீண்டும் வருவித்துக்கொள்ள மாணவர் இசையவில்லை.

தேக்கத்துக்குரிய காரணங்களை ஒவ்வொன்றாக எழுதி, பொருந்தாதவற்றை நீக்கிக்கொண்டே வந்தோம்.

முதலாவது குளோரின். அது நுண்ணுயிர்களைக் கொல்லும். மழைநீரில் அஃது இல்லை. இரண்டாவது குளிர். 25 முதல் 30 பாகை வரை இந்நுண்ணுயிர்களுக்கு ஏற்ற வெப்பம். நம் பகுதியில் கார்த்திகையிலும் நீர் 26 பாகை இருந்தது. மூன்றாவது காற்று. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற நான்கரை கிராம் ஆக்சிஜன் வேண்டும். மின்சாரம் நின்று வடிகட்டி பல மணி நேரம் ஓடாதிருந்தால் பணி தளரும். அந்நாள்களில் அத்தகைய தடை நேரவில்லை. நான்காவது மிகுதி. அம்மோனியா லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் இரண்டாம் படி நுண்ணுயிர்கள் முடங்கும். நீரில் பாதியை மாற்றுவதே அதற்கு மருந்து. இங்கோ அளவு ஒன்றே. ஐந்தாவது அளவுகோலின் எல்லை. நைட்ரைட்டு சோதனைப் பெட்டியின் கடைசி நிறத்தைக் கடந்துவிட்டால், உள்ளே ஏற்றத்தாழ்வு நிகழ்ந்தாலும் நிறம் மாறாது. நல்ல நீரை நான்கு பங்கு சேர்த்து அளந்து, விடையை ஐந்தால் பெருக்கிப் பார்த்தோம். அதிலும் மாற்றம் இல்லை.

எஞ்சியது பி.எச். என்னும் அமிலகார நிலை. தொடக்கத்தில் 6.8 ஆக இருந்த அது, இப்பொழுது 6க்கும் கீழே இறங்கியிருந்தது. அங்கேதான் முடிச்சு இருந்தது.

அம்மோனியாவை மாற்றும்போது நுண்ணுயிர்கள் அமிலத்தை வெளிவிடுகின்றன. நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து அவ்வமிலத்தை ஈடுசெய்கிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏழு கிராமுக்குச் சற்று மிகுதியான சுண்ணாம்புக் கார்பனேட்டுக்கு இணையான காரத்தன்மை செலவாகும். நாம் இட்ட ஒரு வேளை உணவுக்கு லிட்டருக்கு 12 மில்லிகிராம் வேண்டும். வானிலிருந்து நேரே வந்த மழைநீரில் அந்த இருப்பு இல்லை. முதல் வேளை முடியும் முன்னரே கையிருப்புத் தீர்ந்தது. பி.எச். 6க்குக் கீழே போனால் இந்நுண்ணுயிர்களின் பணி ஏறத்தாழ நின்றுவிடும். நிலத்தின் தன்மையை நீர் ஏற்கும் என்பது முன்னோர் கண்ட உண்மை. நிலத்தையே தொடாத நீருக்கு ஏற்பதற்கு ஒன்றும் இல்லை.

நண்பரைக் காணக் கடலூருக்குச் சென்று பேருந்தில் திரும்புகையில், பி.முட்லூரில் பரங்கிப்பேட்டைச் சாலை பிரியுமிடம் வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்றுக் கழிமுகத்தில் அமைந்திருப்பது அவ்வூரில்தான். அக்கழிமுகச் சேற்றிலும் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டிலும் இதே நுண்ணுயிர்ப் பணி ஓய்வின்றி நடைபெறுகிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 115 மில்லிகிராம் அளவுக்குக் காரத்தன்மை உண்டு. ஆதலின் அங்கே இருப்புத் தீர்வதில்லை. கிளிஞ்சல்கள் தம் ஓட்டில் சேர்த்து வைப்பதும் அந்தச் சுண்ணாம்பையே அன்றோ! கடற்கரையூர்களில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு செய்தது இதனாலேயே. நமக்கு வேண்டிய மருந்து நம் கரையிலேயே கிடந்தது.

இல்லம் திரும்பியதும் முதற்கண் மூன்று கிராம் ஆப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றினோம். 50 லிட்டருக்கு அது லிட்டருக்கு 36 மில்லிகிராம் காரத்தன்மை தரும். மூன்று வேளை உணவுக்குப் போதும். பின்னர்க் கழுவிய கிளிஞ்சல்களை ஒரு பிடி அளவு வடிகட்டியில் இட்டோம். ஆப்பச்சோடா உடனே உதவுவது; கிளிஞ்சல் மெல்லக் கரைந்து நெடுநாள் காப்பது. நீர் புளிக்கும்போது கரைந்தும், புளிப்பு நீங்கியபோது அடங்கியும் அது தானே அளவறிந்து நடக்கும்.

“என் தொட்டியின் பஞ்சில் பாதியை வெட்டித் தருகிறேன், உடனே இடுங்கள்” என்று நண்பர் முன்னரே கூறியிருந்தார். நல்ல யோசனைதான். ஆயினும் நீரில் குறை இருக்கும்வரை புதிய பணியாளர்களும் முடங்கவே செய்வர். ஆதலின் நீரைச் செம்மைப்படுத்தி ஐந்து நாள்கள் கழித்தே, அப்பஞ்சை உலராதவாறு தொட்டி நீருடனேயே தூக்குவாளியில் கொணர்ந்து இட்டோம். இந்நுண்ணுயிர்கள் இரட்டிப்பாவதற்கே அரைநாளுக்கு மேலாகும். அவற்றை விரைவுபடுத்த எவராலும் இயலாது. நாற்பத்து நான்காம் நாளில், முந்தைய நாள் இட்ட முழு அளவு அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒருங்கே மறைந்திருந்தன. மறுநாளும் அவ்வாறே இருந்த பின்னரே பக்குவம் உறுதி என்று கொண்டோம்.

அதன்பின் நைட்ரேட்டைப் போக்க ஐந்தில் நான்கு பங்கு நீரை மாற்றி, ஆழ்துளைக் கிணற்று நீரையும் மழைநீரையும் பாதிப்பாதியாகக் கலந்து நிரப்பினோம். முதலில் மூன்று கப்பிகளே விடப்பெற்றன. பெயர் சூட்டும் உரிமை தங்கைக்கு வழங்கப்பெற்றது. இப்பொழுது குஞ்சுகளும் உள்ளன.

இங்கு எச்சரிக்கை ஒன்று கூறுதல் கடமையாகும். மீன்கள் உள்ள தொட்டியில் அம்மோனியா இருக்கும்போது பி.எச்.சைத் திடீரென உயர்த்தலாகாது. அமில நீரில் அடங்கியிருந்த நஞ்சு காரநீரில் வீறுகொண்டு எழும். நாம் துணிந்து செய்தது தொட்டியில் உயிர் ஒன்றும் இல்லாதிருந்ததனாலேயே.

மாணவமணிகள் இதில் கருதத்தக்கது ஒன்று உண்டு. பணி நின்றபோது பணியாளர்களைச் சோம்பர் என்று பழித்தல் எளிது; அவர்கள் கையிருப்பில் எது தீர்ந்தது என்று பார்த்தல் அரிது. வகுப்பறையில் தேங்கி நிற்கும் மாணவரைக் காணும் ஆசிரியர்க்கும், இல்லத்தில் பிள்ளைகளை வளர்க்கும் பெரியோர்க்கும் இது பொருந்தும். பதினேழு நாள்கள் நன்றாக உழைத்தவை அதன்பின் நின்றன என்றால், குறை அவற்றின் உழைப்பில் இல்லை. அளந்து பார்க்கும் பொறுமை நமக்கு இருந்தால், வேண்டுவது பெரும்பாலும் ஒரு பிடி கிளிஞ்சலாகவே இருக்கும்.