மூக்குத் துடைக்க எதற்கு எம்.ஏ.?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை முத்தியால்பேட்டையில் என் தம்பி வீட்டில் ஒரு பஞ்சாயத்து. அவன் மகள் பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருஷமாக ஒரு மழலையர் பள்ளியில் வேலை பார்க்கிறாள். இப்போது தில்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படிக்கப் போகிறேன் என்கிறாள். ஆரம்பக் குழந்தைப் பருவப் பராமரிப்பும் கல்வியும் என்று பாடத்துக்குப் பெயர். இரண்டு வருஷப் படிப்பு. பிறந்த குழந்தை முதல் எட்டு வயதுப் பிள்ளை வரை எப்படி வளர்கிறது, எப்படிப் பேசுகிறது, எப்படிக் கற்கிறது என்பதுதான் பாடம்.

தம்பிக்கு ஆத்திரம். "நீயே சொல்லுக்கா. எம்.காம். படி, பேங்க் பரீட்சை எழுதுன்னா கேக்க மாட்டேங்கறா. பிள்ளைங்களுக்கு மூக்குத் துடைக்கறதுக்கு தில்லி போயி எம்.ஏ. படிக்கணுமா?"

என்னைக் கூப்பிட்டதே அவளுக்குப் புத்தி சொல்லத்தான். 34 வருஷம் அரசுத் தொடக்கப் பள்ளியில் இருந்தவள், அதிலும் பாதிக்கு மேல் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் சொன்னால் கேட்பாள் என்று நினைத்திருக்கிறான்.

நான் புத்தி சொல்லவில்லை. ஒரு கதை சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லாத கதை. அங்கே சொல்லிவிட்ட பிறகு உங்களிடமும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர வரும் பிள்ளையிடம், வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வோம். எட்டினால் ஐந்து வயது. எட்டாவிட்டால் "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க". பாண்டியில் பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கம் இருந்ததால் இங்கே பிறந்த பிள்ளைகள் பெரும்பாலும் சான்றிதழோடு வருவார்கள். பக்கத்துத் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் கையில் காகிதம் இருக்காது. அவர்களுக்குக் காதுதான் சான்றிதழ்.

1991 ஜூன் மாதம். ஓர் அம்மா பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான்கு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர். பையனுக்குக் கை எட்டவில்லை. "நாலரை வயசுதான் டீச்சர். இவனை எங்க விட்டுட்டு வேலைக்குப் போறது?" என்று அழாத குறையாகக் கேட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. பையன் காதருகே குனிந்து, "தலையை இந்தப் பக்கம் சாச்சுக்கோடா" என்றேன். சாய்த்தான். விரல் நுனி காதைத் தொட்டது. பதிவேட்டில் ஐந்து வயது என்று எழுதினேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

இரண்டே வாரத்தில் அவனுக்கு நாலரை வயது என்பதை மறந்துபோனேன்.

ஐம்பதுக்கு மேல் பிள்ளைகள் இருந்த வகுப்பு. எல்லாரும் சிலேட்டில் 'அ' போட்டார்கள். இவனுக்கு வரவில்லை. சுழி ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம். பல்பத்தை ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடிப்பான், அது உடைந்துவிடும். பிடிவாதம் என்று நினைத்தேன். மர ஸ்கேலால் விரல் முட்டியில் அடித்தேன். ஒரு நாள் இல்லை, பல நாள். அவன் அழமாட்டான். கையைச் சட்டைக்குள் விட்டுக்கொள்வான், அவ்வளவுதான். காலாண்டு விடுமுறைக்குப் பிறகு அவன் வரவில்லை. ஊருக்குப் போய்விட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டேன்.

2004-ல் இக்னோவில் குழந்தைப் பருவக் கல்வியில் தபால்வழி டிப்ளமோ சேர்ந்தேன். பெரிய லட்சியமெல்லாம் இல்லை. என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், மாலையில் நேரம் இருந்தது. அந்தச் சமயத்தில் படித்ததில் தெரிந்துகொண்டது இது. நம் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எலும்பே இல்லை, வெறும் குருத்து. ஒவ்வொன்றாக இறுகி எட்டும் எலும்பாவதற்குள் பிள்ளைக்குப் பத்து வயதுகூட ஆகிவிடும். பிள்ளைக்கு முதலில் தோள் வசப்படும், பிறகு முழங்கை, கடைசியில்தான் விரல். மணல், களிமண், மணி கோப்பது, விதை பொறுக்குவது எல்லாம் பென்சிலுக்கு முந்தைய பாடங்கள்.

காது விஷயமும் அப்படித்தான். சின்னப் பிள்ளைக்கு உடம்பு அளவுக்குத் தலை பெரிது, கை குட்டை. வளர வளரக் கை நீளும். அது எப்போது நீளும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். அவன் கை காதை எட்டாதபோதே அவன் உடம்பு என்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டது. எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை.

அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன். ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் எனக்கும் பாடமாக இருந்தது. மனப்பாடம் செய்து நல்ல மார்க் வாங்கியவள்தான் நான்.

கதை முடிந்ததும் தம்பி மகள் சொன்னாள்: "அத்தை, எங்க ஸ்கூல்ல மூணு வயசுப் பிள்ளைக்கு தினம் நாலு பக்கம் ஹோம்வொர்க். வேணாம்னு சொன்னா ஏன்னு கேக்கறாங்க. அது தப்புன்னு எனக்குத் தெரியுது. ஏன்னு எடுத்துச் சொல்லத் தெரியல. அதுக்குத்தான் படிக்கணும்."

தம்பி அப்போதும் அசையவில்லை. நான் எதிர்வீட்டைக் காட்டினேன். அது சொல்தா வீடு. அந்தத் தாத்தாவின் பேத்தி பாரீஸில் மத்தெர்னெல் போகிறாள் என்பதைத் தம்பி தன் சொந்தப் பேத்தி போல எல்லாரிடமும் சொல்வான். "அந்த மத்தெர்னெல் டீச்சர் என்ன படிச்சிருப்பாங்கன்னு தெரியுமாடா?" என்று கேட்டேன்.

பிரான்சில் 1881 முதல் சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கு 'எகோல் மத்தெர்னெல்' என்று பெயர். போலின் கெர்கோமார் என்ற அம்மையார் அவற்றுக்குத் தலைமை ஆய்வாளராக இருந்து, சின்னப் பிள்ளைக்கு விளையாட்டுதான் வேலை என்று விடாமல் வாதாடினார். இன்று அங்கே மூன்று வயதுப் பிள்ளையின் டீச்சரும் பத்து வயதுப் பிள்ளையின் டீச்சரும் ஒரே பதவி, ஒரே சம்பள விகிதம். 2010 வாக்கிலிருந்து அந்த வேலைக்கு முதுகலை வரை படிக்க வேண்டும். 2019 முதல் மூன்று வயதிலேயே கல்வி கட்டாயம். "அங்க மூக்குத் துடைக்கறவங்களும் எம்.ஏ. தான்டா" என்றேன்.

நம் நாட்டில் இது தெரியாமல் இல்லை. டாக்டரான மரியா மாண்டிசோரி 1939-லேயே சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1975-ல் அங்கன்வாடித் திட்டம் வந்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரை ஒரே கட்டம் என்கிறது. ஆனால் அங்கன்வாடிப் பணியாளர் வாங்குவதற்கு இன்னும் சம்பளம் என்று பெயர் இல்லை, மதிப்பூதியம்தான். பிள்ளை எவ்வளவு சின்னதோ, டீச்சருக்கு மரியாதையும் அவ்வளவு சின்னது. அதனால் சம்பள விஷயத்தில் தம்பி மகளிடம் நான் பொய் சொல்லவில்லை. "பேங்க் வேலை அளவுக்கு வராதும்மா" என்றேன். "தெரியும் அத்தை" என்றாள்.

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முதல் வருஷ ஃபீஸ் கட்டறேன். ரெண்டாவது வருஷத்தை அப்புறம் பாக்கலாம்" என்றான். அடுத்த மாதம் கிளம்புகிறாள். புது தில்லிக்கு நம் ஊரிலிருந்தே வாரம் ஒருமுறை நேர் வண்டி இருக்கிறது. இரண்டாவது வருஷத்துக்கு என் பென்ஷன் இருக்கிறது. இதைத் தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. இங்கே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்களே, எல்.கே.ஜி.யில் எழுத்து சரியில்லை என்று அடிக்காதீர்கள். சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கொடுங்கள். பட்டாணி உரிக்கச் சொல்லுங்கள். கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் மணலில் விடுங்கள். கை தயாரானதும் எழுத்து தானே வரும்.

இன்னொன்று, 1991-ல் என்னிடம் ஒன்றாம் வகுப்பு படித்தவர்களுக்கு. அந்தப் பையன் யாரென்று ஞாபகம் இருந்தால் பெயரை இங்கே எழுதாதீர்கள். அவனைத் தெரிந்தால், டீச்சர் விசாரித்தார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். இப்போது அவனுக்கு 38 வயது இருக்கும்.

தம்பி, நீயே இதைப் படிக்க நேர்ந்தால் ஒன்று சொல்கிறேன். தப்பு உன் கையில் இல்லையப்பா. என்னை மன்னித்துவிடு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்