கண் சொன்னதைக் கேட்ட காது

ஏதென்ஸ் என்றதும் கிரேக்க தேசத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள்! நாம் போகப்போவது அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்திலுள்ள ஏதென்ஸுக்கு. அட்லாண்டாவிலிருந்து காரில் சுமார் ஒன்றரை மணி நேரப் பிரயாணம்.

ஊருக்குப் பெருமை அதன் சர்வகலாசாலை. 1785-ல் சாசனம் பெற்றது. வாசலில் மூன்று தூண்களோடு ஓர் இரும்பு வளைவு நிற்கிறது. பட்டம் பெறுமுன் அதன் அடியில் நுழைந்தால் படிப்பு முடியாது என்று ஒரு நம்பிக்கை! மாணவர்கள் பலர் பக்கவாட்டில் ஒதுங்கியே போகிறார்கள். சகுனம் பார்ப்பது நம் பாட்டிமார் மட்டுமல்ல, பார்த்தீர்களா?

இதைவிட வேடிக்கையான விஷயம் ஒன்று உண்டு. இங்கே பேராசிரியராக இருந்த டொனால்டு ரூபின் 1992-ல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. கல்லூரி மாணவர் 62 பேருக்கு, ஒலிநாடாவில் பதிந்த சிறு பாடம் ஒன்றைக் கேட்கக் கொடுத்தார். பேசியவர் ஓஹையோவில் வளர்ந்த அமெரிக்கப் பெண்மணி. ஆனால், "இவர்தான் ஆசிரியை" என்று சிலருக்கு ஒரு வெள்ளைக்கார மாதின் படத்தையும், மற்றவர்களுக்கு ஒரு சீன மாதின் படத்தையும் காட்டினார்.

நடந்தது என்ன தெரியுமா? சீன முகத்தைப் பார்த்தவர்களின் காதில் அந்நிய உச்சரிப்பு விழுந்தது! அதோடு போகவில்லை. பாடம் எவ்வளவு மனத்தில் பதிந்தது என்று பரீட்சை வைத்தபோது, அவர்களே குறைவாக மார்க் வாங்கினார்கள். குரலோ ஒன்றே!

அமெரிக்கக் கலாசாலைகளில் ஆரம்ப வகுப்புகள் பலவற்றை, மேல்படிப்புக்கு வந்த சீன, கொரிய, இந்திய மாணவர்கள் நடத்துவதுண்டு. "அவர் பேசுவது புரியவில்லை" என்ற புகாரும் எழுவதுண்டு. அதில் உண்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பழகாத உச்சரிப்பைப் புரிந்துகொள்ளக் காதுக்குச் சற்று அதிகப்படியான வேலைதான். ஆனால் காது வெகு சமர்த்து! ஒரு நிமிஷம் கவனித்துக் கேட்டாலே அது பழகத் தொடங்கிவிடுகிறது என்று 2004-ல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி கூறுகிறது. அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுக்க மனம் வேண்டாமா?

உச்சரிப்பை ஆசிரியர் பயின்று திருத்திக்கொள்ளலாம். முகத்தை என்ன செய்வார்? நஷ்டம் அவருக்கு மட்டுமா? பணம் கட்டிப் படிக்க வந்த பிள்ளைக்கும் பாடம் போகிறதே!

நாளை உங்கள் மகளும் அப்படியொரு வகுப்பில் பாடம் சொல்ல நிற்கலாம். ஆகவே, "புது டீச்சர் பேச்சு ஒரு மாதிரி இருக்கிறது" என்று உங்கள் குழந்தை வந்து சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். "இன்னும் நாலு நாள் காது கொடுத்துக் கேள், கண்ணே!" என்று சொல்லி அனுப்புங்கள்.