மூன்று பாடங்களும் ஒரு துவாரமும்

வட இலங்கைப் பாடசாலை ஒன்றிலே 28 ஆண்டுகள் பௌதிகம் கற்பித்தோம். ஓமின் விதியைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. ஆயினும், ஒரு கம்பியை அது செல்லவேண்டிய இடத்துக்கு ஒழுங்காகக் கொண்டுசேர்க்கும் வேலையை நாம் முதன்முதலாகச் செய்தது ஓய்வுபெற்ற பின்னரே. அதுவும் நம் மண்ணில் அன்று. மகனைக் காணக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்குச் சென்றிருந்த 2019ஆம் ஆண்டுக் கோடையிலே, அயலவர் ஒருவரின் கராச்சில்தான் அந்தப் பாடம் நமக்குக் கிட்டியது.

அவர் ஒரு தொழிலாளி. மோட்டார் வாகனத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். இருவர் அமரக்கூடிய சிறு அலுமினிய விமானமொன்றைத் தம் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தார். அந்நாட்டுச் சட்டம் இதற்கு இடமளிக்கிறது. ஆனால், வேலையின் பெரும்பகுதியைக் கட்டுபவரே செய்திருத்தல் வேண்டும். உட்புறத்தை மூடுமுன்னர் பரிசோதகர் ஒருவர் வந்து பார்த்தல் வேண்டும். செல்வந்தரின் விளையாட்டு இது என்றே நாமும் முதலில் எண்ணினோம். அவ்வெண்ணத்தை அவர் நம் முகத்தில் கண்டுகொண்டார் போலும்.

"ஆசிரியரே, தொழிற்சாலையில் நாள் முழுவதும் ஒரே வேலையைத்தான் செய்தேன். முழுதாக ஒரு பொருளை என் கையால் செய்து பார்க்காமல் சாக மனமில்லை" என்றார். நாம் வாய் திறக்கவில்லை.

அன்று நடந்தது கம்பி இழுக்கும் வேலை. இடது இறக்கையின் நுனியிலே சிவப்பு விளக்கு. வலது நுனியிலே பச்சை விளக்கு. இவற்றுடன் மினுக்கு விளக்கும், தரையிறங்க உதவும் விளக்கும் உண்டு. இவை அனைத்துக்கும் உடற்பகுதியிலுள்ள 12 வோல்ற்று மின்கலவடுக்கிலிருந்தே மின் செல்லவேண்டும். இறக்கையினுள்ளே மெல்லிய தகடுகள் விலா எலும்புகள்போல் வரிசையாக நிற்கின்றன. அவற்றிலே துளையிட்டு, நெளிவுடைய பிளாஸ்ரிக் குழாயொன்றைச் செலுத்தி, அதனூடே கம்பிகளை இழுக்கிறார்கள். விமானத்தைச் சரித்துத் திருப்பும் மடலை இயக்கும் தள்ளுகோலும் அவ்விறக்கையினுள்ளேதான் ஓடுகிறது. அதன் வழியில் குழாய் குறுக்கிடலாகாது.

இறக்கையிலிருந்து உடற்பகுதிக்குள் கம்பிகள் நுழையும் இறுதிச் சாணளவு வேலை நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. இரு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய வழி நேர்கோடு என்பது நாம் கற்பித்த பாடம் அல்லவா? கம்பிகளை அளந்து, நேராக இழுத்து, மிச்சமின்றி வெட்டி இணைத்தோம். சிக்கனமும் அழகும் ஒருங்கே அமைந்ததாக மகிழ்ந்தோம்.

அவர் வந்து பார்த்தார். இறக்கையை நாலு விரல் அளவு வெளியே இழுத்தார். கம்பிகள் வீணை நரம்புகள்போல் விறைத்தன. பழுதுபார்க்க இறக்கையைக் கழற்றுபவர் இணைப்பிக்குள் எப்படிக் கைவைப்பார் என்பதை நாம் எண்ணிப்பார்க்கவில்லை.

அடுத்து, உடற்பகுதியின் தகட்டிலிருந்த துவாரத்தின் ஓரத்தை விரல் நுனியால் மெல்லத் தடவினார். அங்கே இறப்பர் வளையம் இடாமலே கம்பிகளைச் செலுத்தியிருந்தோம்.

"இது கத்தி. எஞ்சின் ஓடும்போது இது வாள்" என்றார்.

நாம் வெட்கித்து நின்றோம். அதிர்வு ஒரு பாடம். உராய்வு ஒரு பாடம். குறுஞ்சுற்று ஒரு பாடம். மூன்றையும் தனித்தனித் தவணைகளிற் கற்பித்து, தனித்தனி வினாக்களாகப் புள்ளியிட்டிருக்கிறோம். அந்தச் சிறு துவாரத்திலே மூன்றும் ஒன்றுகூடுகின்றன. அதிர்வினால் தகடு கம்பியை உராய்கிறது, நாளடைவில் காவலி தேய்கிறது, மின்கலவடுக்கின் மறைமுனையோடு இணைந்துள்ள உலோக உடலைச் செம்பு தொடுகிறது, பொறி பறக்கிறது. இதனை அறிய வேண்டிய நாம் அறியவில்லை. பள்ளிப்படிப்பை நடுவில் விட்டவரின் விரல் அறிந்திருந்தது.

அவர் மிகைப்படுத்தவில்லை. 1998ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் திகதி, நியூயோர்க்கிலிருந்து ஜெனீவா நோக்கிப் புறப்பட்ட சுவிஸ் விமானம் கனடாவின் நோவாஸ்கோஷியாக் கரையருகே கடலில் வீழ்ந்தது. 229 பேரும் மாண்டனர். கடலடியிலிருந்து சிதைவுகளை எடுத்து, முன்பகுதியை மீண்டும் பொருத்தி, நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்தனர். விமானிகள் அறையின் கூரைக்கு மேலே கம்பியொன்றிற் பறந்த மின்பொறியே பெரும்பாலும் தீயின் தொடக்கம் எனவும், அருகிலிருந்த எளிதில் தீப்பற்றும் காப்புறை அதைப் பரப்பியது எனவும் கண்டனர். பெரிய விமானமாயினும் சிறிய விமானமாயினும், கண்ணுக்குத் தெரியாத இடத்திலேதான் உயிர் தொங்குகிறது.

வேலையை மீண்டும் தொடங்கினோம். துவாரத்தின் ஓரத்தை அரத்தால் மழுங்கச் செய்து இறப்பர் வளையம் பொருத்தினோம். கம்பிக்கு வேண்டிய நெகிழ்வு விட்டோம். மழைநீர் கம்பி வழியே உள்ளே ஓடாமல் கீழே சொட்டும்படி, துவாரத்துக்கு முன் அதனைச் சற்றுத் தாழ வளைத்தோம். எல்லாம் முடிந்தபின் அவர் குழாயினுள்ளே வெறும் நூலொன்றையும் இழுத்துவிட்டு, இரு முனைகளையும் கட்டினார்.

"இது எதற்கு?" என்று கேட்டோம்.

"நாளைக்கு யாரோ ஒருவர் இன்னொரு கம்பி இழுக்க விரும்பலாம். அன்று நான் இருக்கமாட்டேன். நூல் இருக்கும்."

பெயரறியா ஒருவருக்காக, இருட்டினுள், ஒரு நூல்! பாராட்டுக்கும் கூலிக்கும் அப்பாற்பட்ட உழைப்பின் அறம் இதுவன்றி வேறென்ன?

ஆசிரிய நண்பர்களே, கையை மூளையிலிருந்து பிரித்துவைத்த ஒரு கல்வியிலேதான் நாமும் வளர்ந்தோம். நம் மாணவரையும் வளர்த்தோம். அழுக்குப்படாத கையே கற்றவனின் அடையாளம் என்ற மயக்கம் நம்மை விட்டு இன்னும் முற்றாக நீங்கவில்லை. மின்னிணைப்பாளனின் மகன் நம் வகுப்பில் அமர்ந்திருந்தபோது, அவன் தந்தையின் விரல் அறிந்ததை நாம் ஒருநாளேனும் கேட்டதுண்டா? கேட்டிருந்தால், அந்த மூன்று பாடங்களும் ஒரே துவாரத்தின் வழியே செல்வதை அறிய நாம் முதுமைவரை காத்திருந்திருக்க வேண்டியதில்லை.