ஒரு சதம் இடித்தால்

பகலெல்லாம் பிறர் கணக்கைப் பார்த்துவிட்டு, இரவில் ஜீமாட் பரீட்சைக்குப் படிக்க அமர்ந்தேன். முகாமைத்துவ முதுமாணிப் படிப்பிற் சேர்வதற்கான நுழைவுப் பரீட்சை அது. கோட்டையிலிருந்து புகையிரதத்தில் நின்றபடியே வெள்ளவத்தை வந்து சேர 7 மணியாகிவிடும். உணவின்பின் புத்தகத்தை விரித்தால் எழுத்துக்கள் எறும்புகளாய் ஊரும். ஆதலால் படிப்பை விடியற்காலை 4 மணிக்கு மாற்றிக்கொண்டேன். மனைவியின் உறக்கமும் கெட்டது. அவள் கேளாமலே தந்த கடன் அது.

2023ஆம் ஆண்டின் இறுதியில் புதிய வடிவம் பெற்ற அப்பரீட்சையில் மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். கணிதத்தில் 21 வினாக்கள், கணிப்பான் கிடையாது. கணக்கு என்னைக் கைவிடாதென்று இறுமாந்திருந்தேன். முதன்முறை என்னைக் கவிழ்த்தது கணக்கன்று, என் உத்தியோகப் பழக்கமே! ஒரு சதம் இடித்தாலும் பேரேட்டை மூடாதவன் நான். அங்கோ வினாவொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றே அதிகம். விகிதக் கணக்கொன்றுடன் ஆறு நிமிடம் மல்லுக்கட்டினேன். இறுதி வினாக்களை மணிக்கூடு விழுங்கிவிட்டது. விடையளிக்காது விட்டவற்றுக்குத் தண்டமும் உண்டு. கட்டணமோ எங்கள் வீட்டின் பல மாதச் சேமிப்பு. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் சுட்டது.

இரண்டாம் முறைக்கு ஆயத்தமாகிறேன். மணிக்கூட்டை முன்னே வைத்து, பிடிபடாத கணக்குக்கு ஊகித்தொரு விடையிட்டு அப்பாற் செல்லப் பழகுகிறேன். ஒவ்வொரு முறையும் மனம் பின்னே இழுக்கிறது. நேற்றுக் கந்தோரில் மூன்று சதம் இடித்தது. இரவு 8 மணிவரை இருந்து தேடிப் பிடித்தேன். அங்கே ஊகிக்க முடியாதே!