லங்காவில் ஒரு செருப்பு வழக்கு

காசிக்கு வரும் தென்னாட்டார் படித்துறைகளோடு ஊர் முடிந்துவிட்டதாகக் கருதுவது வழக்கம் என்றாலும், அறப்பணிகளுக்கு நன்கொடை திரட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு அந்நகரின் தென்கோடியில், லங்கா எனப்படும் கடைவீதிச் சந்திப்பில் நிற்கும் மதன் மோகன் மாளவியாவின் சிலையே முதன்மையான தலமாகிறது. வீடுவீடாகவும் அரண்மனை அரண்மனையாகவும் கேட்டுப் பெற்ற பணத்தைக் கொண்டு பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தை எழுப்பியவர் என்ற வகையில், இத்தொழிலின் ஆசான் என அவரைச் சொல்வது மிகையாகாது. எனினும், உபயதாரரின் பெயர் வெளிச்சத்தையே மறைக்கும் கோயில் குழல்விளக்குகளைப் பார்த்துப் பழகிய தமிழ்நாட்டுப் பயணிக்குப் பெரிய கொடையாளர் மீது நெடுநாளைய இளக்காரம் இருந்தது. அந்த இளக்காரத்தைச் சிலையடியிலேயே விட்டுவரவும் மனமில்லை.

பல்கலைக்கழகத்தின் சிங்கவாயிலுக்கு அருகே, கறுப்பு உப்பும் எலுமிச்சையும் சேர்த்த பாலில்லாத தேநீரைக் குல்கட் எனப்படும் மண்குவளையில் ஊற்றித் தரும் கடையொன்றில், எதிர்பாராத ஒரு சச்சரவு மூண்டது. நன்கொடை கேட்டுப்போன மாளவியாவின் மீது ஹைதராபாத் நிஜாம் செருப்பை வீசியதாகவும், அதை மாளவியா சந்தையில் ஏலத்துக்கு விட்டு நிஜாமை வெட்கப்படச் செய்து பணம் பெற்றதாகவும் வடநாடெங்கும் வழங்கும் கதையைக் கடைக்காரர் சொல்லத் தொடங்கியதும், மாணவர் ஒருவர் குறுக்கிட்டு, வளாகத்துக்குள்ளேயே ஹைதராபாத் காலனி என்ற குடியிருப்பு இருப்பதைச் சுட்டிக்காட்டி, கொடை கொடுத்த மனிதரை ஏன் இப்படி இழிவுபடுத்துகிறீர்கள் என்று கேட்டார். கொடுத்தார்தான், செருப்புக்கு வெட்கப்பட்டுக் கொடுத்தார் என்று கடைக்காரர் பதில் சொல்ல, சுற்றியிருந்தோர் சிரித்ததில் வழக்கு அவர் பக்கமே தீர்ந்தது. இப்படிப்பட்ட கதையிடம் சான்று காட்டி வெல்வது கடினம். ஆயினும் இக்கதை நிஜாமைவிட மாளவியாவுக்கே அதிக அநீதி செய்கிறது, ஏனெனில் கொடையாளரைச் சந்தியில் நிறுத்திப் பணம் பறிப்பது அவருடைய வழியன்று.

அவருடைய வழி மிகவும் மெதுவானது. அலகாபாத்தில் நன்றாக நடந்துகொண்டிருந்த வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டுப் புறப்பட்ட அவர், 1911 டிசம்பரில் இந்துப் பல்கலைக்கழகச் சங்கம் அமைந்தபோது தலைமையிடத்தைத் தாம் எடுத்துக்கொள்ளாமல், ஐந்து லட்சம் ரூபாய் அளித்த தர்பங்கா மகாராஜா ராமேஸ்வர் சிங்குக்கு விட்டுக்கொடுத்தார். ஒரு மன்னர் தலைமையேற்றால் அவருக்குச் சமமானவர்களிடம் கேட்பது எளிதாகும் என்பது இன்று நிதி திரட்டுவோர் பயிற்சி வகுப்புகளில் கற்கும் பாடம். திரட்டிய தொகையிலும் ஐம்பது லட்சத்தை மூலநிதியாக, அதாவது முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் ஆண்டுச் செலவுக்கு எடுக்கும் நிதியாக, ஒதுக்கிவைக்க 1915-ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது. காசி மன்னர் நிலம் கொடுத்தார். கத்தியவாட்டுச் சிற்றரசுகளான லிம்ப்டி, மோர்வி ஆகியவற்றின் பெயர்கள் இன்று மாணவர் விடுதிகளின் பெயர்களாகிவிட்டன. சைக்கிளில் போகும் மாணவர் இன்னொருவரை லிம்ப்டிக்கு வரச்சொல்லிக் கூவும்போது அங்கே எந்த அரசரும் நினைக்கப்படுவதில்லை என்பதைக் கண்டபின், பயணியின் இளக்காரம் சற்றே தளர்ந்தது.

இந்த நுட்பமான உறவுகள் அனைத்தும் ஒரே மாலையில் ஆட்டங்கண்டதும் உண்டு. 1916 பிப்ரவரி 4 அன்று வைசிராய் ஹார்டிஞ்சு அடிக்கல் நாட்டிய இரண்டாம் நாள், மாளவியாவின் அழைப்பில் வந்திருந்த காந்தி, தர்பங்கா மகாராஜா தலைமை வகித்த கூட்டத்தில், நகைபூண்டு வீற்றிருந்த மன்னர்களைப் பார்த்து, அந்நகைகளைக் கழற்றி நாட்டு மக்களுக்காக ஒப்படைக்காதவரை விடுதலையில்லை என்ற பொருள்படப் பேசினார். அன்னி பெசன்ட் இடைமறிக்க, மன்னர்கள் எழுந்து போக, பேச்சு முடிவுறாமலே கூட்டம் கலைந்தது. ஆண்டுக்கணக்கில் அரண்மனைப் படியேறிச் சேர்த்த நல்லெண்ணத்தைத் தாம் அழைத்த விருந்தினரே சிதறடிப்பதைக் காணும் நிலை நிதி திரட்டும் எவருக்கும் வரக்கூடாதது. அந்த மேடையில் மாளவியாவின் முகம் எப்படியிருந்திருக்கும் என்ற கேள்வியே, வளாகத்தின் எந்தக் கட்டடத்தையும்விடப் பயணியை அதிகம் பிடித்துவைத்தது.

வியப்பு என்னவெனில், எட்டாண்டு இளையவரான காந்தி மாளவியாவைத் தமையனாகவே மதித்து வந்ததோடு, கேட்கும் கலையில் அவருக்கு நிகராகவும் வளர்ந்தார். மாளவியா பல்கலைக்கழகத்துக்குக் குறித்த அதே ஒரு கோடி ரூபாயைக் காந்தி 1921-இல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு இலக்காக வைத்துத் திரட்டினார்; ஹரிஜன யாத்திரையில் கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கினார்; மன்னர்களிடம் கேட்டு எழுந்துபோகச் செய்த நகைகளை, 1934-இல் மலபாரின் வடகரையில் கௌமுதி என்ற பெண் தாமே கழற்றிக் கொடுத்தார். ஒருவர் கொடுப்போரின் மதிப்பைக் காத்துக் கேட்டார், மற்றவர் அவர்களின் மனச்சாட்சியைத் தொட்டுக் கேட்டார். இவ்விரண்டில் எது உயர்ந்தது என்பதைப் பயணியால் லங்காவில் தீர்மானிக்க முடியவில்லை. ஆனால் கொடையாளரை எழுந்துபோகச் செய்த பேச்சாளருக்கு இத்தொழிலில் மறு அழைப்பு கிடைப்பது அரிது. மாளவியாவின் பல்கலைக்கழகமோ, திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் துணைவேந்தராக இருந்த 1942 ஜனவரியில், எண்பது வயதைக் கடந்திருந்த நிறுவனர் கண்காண, தன் வெள்ளிவிழாவில் பேச அதே காந்தியை அழைத்தது.